மேஜர் குசனகிக்கு இவ்வளவு பில்டப் தேவையா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு நண்பரின் வீட்டு விறாந்தையில் மடிக்கணினியைச் சுற்றி இருந்து 'கோஸ்ட் இன் த ஷெல்' பார்த்தோம். 1995இல் வந்த ஜப்பானிய அனிமே. எங்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கவே சண்டையும் தொடங்கிவிட்டது.

"இதுக்குத்தானோ இவ்வளவு பில்டப்?" என்று ஒருத்தி கேட்டாள். "பெண்ணிய நாயகி எண்டினம், புரட்சி எண்டினம். படத்தில பாதி நேரம் உடுப்பில்லாமல் நிக்கிறா. ஒருக்காக்கூட மனம்விட்டுச் சிரிக்கேல்லை. வாயைத் திறந்தா தத்துவப் பாடம்."

"உனக்கு விளங்கேல்லை. 'மற்றிக்ஸ்' படமே இவாவைப் பாத்துத்தான் வந்தது" என்று இன்னொருவன் பாய்ந்தான். தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் இரண்டு பக்கமும் இப்படியே இழுபட்டது. மூலையில் இருந்த ஒரு நண்பன் மட்டும் கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. கடைசியில் அவன் சொன்ன ஒரு விசயம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அது அதற்குரிய இடத்தில் வரும்.

மேஜர் மோட்டோகோ குசனகி ஓவர்ரேட்டட்தானா? ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்கலாம். ஆனால் ஒரு பாத்திரத்தின் புகழுக்கும் வரலாறு இருக்கிறது. யார் தூக்கினார்கள், எந்த ஆண்டில் தூக்கினார்கள், எதைக் கண்டு தூக்கினார்கள் என்று பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால் அது வெறும் ரசிகர் சண்டையாகத்தான் முடியும். ஆகவே முதலில் இருந்தே வருவோம். கதை முடிவுகளையும் சொல்லப்போகிறோம், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் மேஜர் வாயாடி

மேஜர் பிறந்தது 1989இல், ஒரு மங்காவில், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையில். வரைந்தவர் மசமுனே ஷிரோ. அது புனைபெயர், ஆள் வெளியில் முகம் காட்டுவதில்லை. கொடான்ஷா பதிப்பகத்தின் இதழொன்றில் தொடராக வந்து, 1991இல் புத்தகமானது. ஜப்பானியத் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கவச அதிரடிப் பொலிஸ் படை' என்ற மாதிரி வரும். 'கோஸ்ட் இன் த ஷெல்' என்ற பெயர் ஆர்தர் கோஸ்லரின் 1967ஆம் ஆண்டுப் புத்தகமான 'த கோஸ்ட் இன் த மெஷின்' என்பதைத் தொட்டு வந்தது. இந்தக் கதையில் கோஸ்ட் என்றால் ஒருவரின் தன்னுணர்வு, உயிர் என்றே வைத்துக்கொள்ளலாம். ஷெல் என்றால் அது குடியிருக்கும் கூடு.

கதை நடப்பது 2029இல். ஆட்கள் மூளையை நேரடியாக வலையமைப்போடு இணைத்து வைத்திருக்கிறார்கள். கை, கால், கண் எல்லாம் மாற்றலாம். மேஜர் அதன் கடைசி எல்லை. அவளுடைய மூளையைத் தவிர மிச்சம் எல்லாம் செயற்கை. அரசாங்கத்தின் ஒன்பதாம் பிரிவு என்ற இரகசியப் படைக்கு வேலை செய்கிறாள். குசனகி என்ற பெயரும் சும்மா வந்ததில்லை. அது ஜப்பானியப் பேரரசின் மூன்று புனிதப் பொருட்களில் ஒன்றான வாளின் பெயர். இன்னொருவர் கையில் இருக்கவேண்டிய ஆயுதத்தின் பெயரை ஒரு பெண்ணுக்கு வைத்திருக்கிறார் ஷிரோ.

ஆனால் மங்காவைப் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பகிடி. இந்த மேஜர் முகத்தைக் கோணுகிறாள், கத்துகிறாள், மேலதிகாரியை நக்கலடிக்கிறாள். அவளுக்குத் தோழிகள் இருக்கிறார்கள், காதலன் ஒருவனும் வந்து போகிறான், படுக்கை வாழ்க்கையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆங்கிலத்தில் முதலில் வந்தபோது அந்தப் பக்கங்கள் சிலவற்றை எடுத்துவிட்டார்கள். கடைசியில் உடம்பு அழிந்த பிறகு, அவளுடைய கூட்டாளி பாத்தோ அவசரத்துக்குத் தேடிக் கொடுக்கிற புது உடம்பு உண்மையில் ஓர் ஆணுடையது. பெண்ணுடையது என்று நினைத்து எடுத்துவிட்டான்! அவளும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை.

இந்த மேஜரை உலகம் அவ்வளவாகக் கொண்டாடவில்லை. கொண்டாடப்பட்டவள் அடுத்தவள்.

ஒஷியி எடுத்துவிட்ட சிரிப்பு

1995 நவம்பரில் மமோரு ஒஷியியின் படம் வந்தது. தயாரிப்பு புரொடக்சன் ஐ.ஜி., திரைக்கதை கசுனோரி இதோ, இசை கென்ஜி கவாய், மேஜருக்குக் குரல் கொடுத்தவர் அட்சுகோ தனாகா. ஒஷியி மங்காவில் இருந்து துப்பாக்கியையும் அரசியலையும் எடுத்துக்கொண்டார், பகிடியை விட்டுவிட்டார். மேஜரின் முகம் அசைவதே குறைவு. கண் இமைப்பதைக்கூடக் காண்பது அரிது. பொம்மை போல இருக்கவேண்டும் என்றே அப்படி வரைந்திருக்கிறார்கள்.

படத்தின் தொடக்கத்தில் ஒரு சின்ன உரையாடல். உயரமான கட்டடத்தின் உச்சியில் மேஜர் நிற்கிறாள். உன் மூளைக்குள் இன்றைக்கு ஏன் இவ்வளவு இரைச்சல் என்று பாத்தோ கேட்கிறான். எனக்கு மாதவிடாய் நேரம் என்று அவள் பதில் சொல்கிறாள். கருப்பையே இல்லாத ஓர் உடம்பு சொல்கிற பகிடி அது. கசப்பான பகிடி. பழைய ஆங்கில டப்பிங்கில் இந்த வசனத்தை ஏதோ வயர் கழன்றிருக்கும் என்ற மாதிரி மாற்றிவிட்டார்கள். அதாவது மேற்கில் ஆங்கிலத்தில் பார்த்த ஆயிரக்கணக்கான பேர் மேஜரைச் சந்தித்த முதல் நிமிடத்திலேயே அவளுடைய பெண்தன்மை பற்றிய ஒரேயொரு நக்கலைத் தவறவிட்டார்கள். அவர்களுக்கு அவள் பழுதான இயந்திரமாக அறிமுகமானாள்.

அடுத்து வருகிறது பெயர்கள் ஓடும் காட்சி. ஒரு தொழிற்சாலையில் அவளுடைய உடம்பு படிப்படியாக உருவாகிறது. பின்னால் ஒலிக்கிற பாட்டு பழைய ஜப்பானிய மொழியில் அமைந்த ஒரு திருமணப் பாட்டு. உற்பத்திக் காட்சிக்கு ஏன் கலியாணப் பாட்டு? படத்தின் முடிவில்தான் விளங்கும். ஒரு கணினி நிரல் தனக்கு உயிர் இருக்கிறது என்று சொல்லி அரசியல் தஞ்சம் கேட்கிறது. பப்பற் மாஸ்டர், பொம்மலாட்டக்காரன், என்பது அதன் பட்டப்பெயர். வெளிவிவகார அமைச்சின் ஆறாம் பிரிவு உளவு வேலைக்காகச் செய்த நிரல் அது. கடைசியில் அது மேஜரிடம் நாம் இருவரும் ஒன்றாகக் கலப்போம் என்று கேட்கிறது. அவள் சம்மதிக்கிறாள். தொடக்கத்திலேயே ஒலித்தது அந்தக் கலியாணத்தின் பாட்டு.

நடுவில் மூன்று நிமிடம் ஒரு வசனமும் இல்லாத காட்சி ஒன்று இருக்கிறது. ஹொங்கொங்கைப் பார்த்து வரைந்த நகரம், மழை, வாய்க்கால், பழைய கட்டடங்கள். மேஜர் படகில் போகிறாள். நிமிர்ந்து பார்த்தால் ஒரு கட்டடத்தின் கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய அதே முகத்தோடு ஒரு பெண் இருக்கிறாள். கடைக் கண்ணாடிக்குள் கைகால் இல்லாத துணிக்கடைப் பொம்மைகள். தன் முகம் என்று அவள் நினைத்தது ஒரு மொடல். ஃபோன் மாதிரி, இன்னும் எத்தனை பேரிடம் இருக்குமோ தெரியாது. சண்டைக்காட்சி எதிலும் இல்லாத பயம் அந்த மூன்று நிமிடத்தில் இருக்கிறது.

புகழ் எங்கிருந்து வந்தது

அந்த மாதத்தில் ஜப்பானில் பேசப்பட்ட அனிமே நாயகி மேஜர் இல்லை. படம் வருவதற்கு ஆறு கிழமைக்கு முதல், 1995 ஒக்டோபர் 4இல், 'நியோன் ஜெனசிஸ் எவஞ்சலியன்' தொலைக்காட்சியில் தொடங்கியிருந்தது. அங்கே இளையவர்கள் அயனாமி ரெய் பற்றியும் அசுகா பற்றியும் கதைத்தார்கள். ஒஷியியின் படம் ஜப்பானியத் திரையரங்குகளில் பெரிய அலை ஒன்றையும் எழுப்பவில்லை.

அலை எழும்பியது வெளியில், வீடியோ கசெற்றில். மங்கா என்ரர்ரெய்ன்மென்ற் என்ற மேற்கு நிறுவனம் தயாரிப்பிலேயே பங்கு போட்டிருந்ததால் அங்கே விநியோகம் வலுவாக இருந்தது. 1996 ஆகஸ்டில் அமெரிக்காவின் பில்போர்ட் இதழின் வீடியோ விற்பனைப் பட்டியலில் இந்தப் படம் முதலிடத்துக்கு வந்தது. அனிமே ஒன்றுக்கு அது முதல் தடவை. பிறகு 1999இல் 'மற்றிக்ஸ்'. வச்சோவ்ஸ்கி சகோதரிகள் தயாரிப்பாளர் ஜோல் சில்வரிடம் இந்தப் படத்தைப் போட்டுக்காட்டி, இதை நிஜ ஆட்களோடு செய்யவேண்டும் என்று கேட்டார்கள். பச்சை நிறத்தில் வழிகிற எழுத்துகளையும் பிடரியில் செருகுகிற இணைப்பையும் பார்த்தால் கடன் எவ்வளவு என்று விளங்கும். எங்கள் நண்பன் அன்றைக்கு விறாந்தையில் சொன்னது சரிதான்.

மூன்றாவது படிக்கட்டு பல்கலைக்கழகங்கள். டொனா ஹரவே 1985இல் 'சைபோர்க் அறிக்கை' என்ற கட்டுரையை எழுதியிருந்தார். மனிதர், விலங்கு, இயந்திரம் என்ற எல்லைகள் குழம்பிப்போன உயிரி ஒன்று, பெண் என்றால் இப்படித்தான் என்ற பழைய அச்சை உடைக்க உதவலாம் என்பது அதன் சாரங்களில் ஒன்று. பத்து வருடம் கழித்து மேஜர் வந்தபோது அந்தக் கட்டுரைக்கு வரைந்த படம் மாதிரி இருந்தாள். ஆய்வாளர்கள் ஓடிப் பிடித்துக்கொண்டார்கள். பெண்ணிய நாயகி என்ற பட்டம் பெரும்பாலும் இங்கிருந்து வந்தது. ஆனால் ஹரவே இன்னொன்றையும் சொல்லியிருந்தார். சைபோர்க் இராணுவத்துக்கும் ஆணாதிக்க முதலாளித்துவத்துக்கும் பிறந்த பிள்ளை என்று. பிள்ளை தகப்பனுக்கு அடங்காமல் போகலாம் என்பது அவருடைய நம்பிக்கை. ரசிகர்கள் நம்பிக்கையை எடுத்துக்கொண்டு தகப்பனை மறந்துவிட்டார்கள்.

எல்லா ஆய்வாளர்களும் கைதட்டவில்லை. 1999இல் கார்ல் சில்வியோ என்பவர் 'சயன்ஸ் ஃபிக்சன் ஸ்ரடீஸ்' ஆய்விதழில், இந்தப் படம் ஹரவேயின் புரட்சிகர சைபோர்க்கைக் காட்டுகிற மாதிரிக் காட்டி, உள்ளுக்குள் பழைய ஆண், பெண் ஒழுங்கையே திரும்ப நிறுவுகிறது என்று வாதிட்டார். ஆக, மேஜர் ஓவர்ரேட்டட் என்ற வாதம் எங்கள் விறாந்தையில் தொடங்கியது இல்லை. அதற்கும் கால் நூற்றாண்டு வயதாகிவிட்டது.

எதிர்த்தரப்பின் வழக்கு

அந்த வழக்கை மழுப்பாமல் வைப்போம். ஒன்று, உடம்பு. மறைந்துபோகும் தொழில்நுட்பத்துக்குத் தோல் நிற உடைதான் தேவை என்று கதை காரணம் சொல்கிறது. காரணம் எதுவாக இருந்தாலும், கமரா அவளைப் பார்க்கிற பார்வை எங்களுக்குத் தெரியாததல்ல. படைக்குள் இருக்கிற ஆண்களின் உடம்பை அது அப்படிப் பார்ப்பதில்லை. அவள் உடுப்பைக் கழற்றும்போது பாத்தோ கூச்சப்பட்டு முகத்தைத் திருப்புகிறான். கமரா திருப்பவில்லை.

இரண்டு, தனிமை. மங்காவில் இருந்த தோழிகள் படத்தில் காணாமல் போய்விட்டார்கள். ஆண்களுக்கு நடுவில் ஒரே ஒரு திறமையான பெண் என்பது புதுமை இல்லை. அது எல்லாச் சினிமாவும் கையாள்கிற பழைய உபாயம்.

மூன்று, முடிவெடுத்தல். மியசாகியின் 'நௌசிகா' 1984இலேயே வந்துவிட்டது. நௌசிகா பயப்படுகிறாள், கோபத்தில் கொல்கிறாள், அதற்காக வெட்கப்படுகிறாள், யாரும் சொல்லாத வழியைத் தானே தேர்கிறாள். மேஜரோ படத்தின் பெரும்பகுதியில் உத்தரவை நிறைவேற்றுகிறாள். கடைசியில்தான் உதவிப்படை வரும்வரை நிற்காமல் தனியாகப் போய், கவச வாகனத்தின் மூடியைப் பிய்க்க முயன்று, இரண்டு கையும் கிழிந்து விழுகிற அளவுக்கு இழுக்கிறாள். அது மறக்கமுடியாத படிமம். ஆனால் வலுவான பெண் என்று வருடக்கணக்காகச் சுவரொட்டியில் ஒட்டியவர்கள், அந்த வலு தன் உடம்பையே கிழித்துப்போட்டது என்பதைப் பெரிதாகப் பேசவில்லை.

இந்த மூன்றையும் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அன்றைக்குச் சண்டையைத் தொடங்கிய எங்கள் தோழிக்கு மூன்றுக்கு மூன்று.

அவற்ற கால், அவற்ற கால்தானே

இப்போது மூலையில் இருந்த நண்பன். அவனுடைய பெரியப்பா யுத்த காலத்தில் மிதிவெடியில் ஒரு காலை இழந்தவர். எங்கள் ஊர்களில் இது அபூர்வமான கதை இல்லை. செயற்கைக் கால் போட்ட ஒருவரையாவது தெரியாத குடும்பம் குறைவு. அவன் சொன்னது இதுதான்: "பெரியப்பா படுக்கேக்க காலைக் கழட்டிக் கதவுக்குப் பக்கத்தில சாத்தி வைப்பார். தேஞ்சா மாத்தோணும், இறுகினா போய்ச் சரிபாக்கோணும், வெயிலுக்க நடந்தா புண்ணாப்போகும். கஷ்டந்தான். ஆனா அது அவற்ற கால். அவர் வேலையை விட்டா ஒருத்தரும் வந்து அதைக் கழட்டிக்கொண்டு போக மாட்டினம். இவாவுக்கு அப்பிடி இல்லைத்தானே?"

நாங்கள் படத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். படகுக் காட்சி. மேஜர் கடலுக்குள் மூழ்கி எழும்பி வந்து பாத்தோவுடன் கதைக்கிறாள். மிதக்கும் கருவி பழுதானால் அவள் கல்லு மாதிரி அடியில் போய்விடுவாள். ஏன் இந்த ஆபத்தான விளையாட்டு என்று அவன் கேட்கிறான். அந்தப் பேச்சுக்குள் ஒரு விசயம் போகிறபோக்கில் வருகிறது. அவர்கள் விரும்பினால் வேலையை விட்டு விலகலாம். ஆனால் உடம்பை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுக்கவேண்டும், அதோடு சேர்ந்த நினைவுகளையும்.

முதல் தடவை பார்க்கும்போது நாங்கள் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. வசனம் அவ்வளவு சாதாரணமாக வந்து போகிறது. வேலைக்குக் கொடுத்த சீருடையையும் அடையாள அட்டையையும் கையளித்துவிட்டுப் போவது மாதிரி. ஆனால் இவள் கையளிக்கவேண்டியது கை, கால், தோல், முகம். வருடக்கணக்காக அந்த வேலையில் கண்டது, கேட்டது எல்லாம். அவள் உலகத்திலேயே பலமான பெண்ணாக இருக்கலாம். அந்தப் பலம் முழுக்க வாடகைக்கு எடுத்தது, வாடகை அவளுடைய கீழ்ப்படிவு.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் வேறாகிறது. அந்தக் குப்பை அள்ளும் தொழிலாளியின் காட்சி இருக்கிறதே. அவனுக்கு மனைவியும் மகளும் இருப்பதாக யாரோ அவனுடைய மூளைக்குள் பொய் நினைவைப் போட்டிருக்கிறார்கள். உண்மையில் அவன் தனியாள். விசாரணை அறையில் அதைக் கேட்டு அவன் உடைந்து போகிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மேஜர் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவனுக்குக் களவாகச் செய்ததை அவளுக்கு ஒப்பந்தத்தோடு செய்யலாம், அவ்வளவுதான் வித்தியாசம். நான் என்பது யார் என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்பதைத் தத்துவப் பாடம் என்று நாங்கள் சிரித்தோம். தன்னுடையது என்று சொல்ல உடம்பில் ஒரு விரல்கூட இல்லாதவள் வேறு எதைக் கேட்பாள்?

பிறகு வந்த மேஜர்கள்

பிறகு வந்தவர்கள் இந்தக் கேள்வியை என்ன செய்தார்கள் என்று சுருக்கமாகப் பார்ப்போம்.

2002இல் கென்ஜி கமியமா இயக்கத்தில் 'ஸ்ராண்ட் அலோன் கொம்ப்ளெக்ஸ்' என்ற 26 பகுதித் தொடர் வந்தது. இங்கே மேஜருக்குச் சிரிப்பும் குத்தல்பேச்சும் திரும்பக் கிடைத்தன. படையை நடத்தத் தெரிந்த தலைவியாகவும் இருக்கிறாள். உடுப்பு மட்டும் நீச்சலுடை மாதிரி ஒன்று, அதற்கு ஒரு நியாயமும் இல்லை. 2004இல் தொடங்கிய இரண்டாவது தொடரில், ஆசிய யுத்தங்களில் இருந்து வந்து ஜப்பானில் மலிவுக் கூலிகளாகப் பிழிந்தெடுக்கப்பட்ட அகதிகள்தான் கதையின் மையம். அதற்குள் மேஜரின் சின்னவயதுக் கதை ஒன்று வருகிறது. விமான விபத்தில் தப்பிய ஒரு சிறுமி. பக்கத்துக் கட்டிலில் இருக்கிற பையன், உடம்பில் ஒரு கை மட்டுமே வேலைசெய்ய, அவளுக்காகக் காகிதக் கொக்கு மடிக்கிறான். அவள் செயற்கை உடம்போடு திரும்பி வரும்போது ஒரு கொக்கு மடித்துத் தா என்று கேட்கிறான். புதுக் கையால் அவளுக்கு மடிக்கத் தெரியவில்லை. மேஜர் பற்றி வந்த அத்தனையிலும் எங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிற காட்சி இதுதான். வல்லமையின் விலை என்ன என்று அந்த மடியாத காகிதம் சொல்லிவிடுகிறது.

2008இல் ஒஷியி தன் பழைய படத்தைத் திருத்தி '2.0' என்று வெளியிட்டார். அதில் பொம்மலாட்டக்காரனின் ஆண் குரலைப் பெண் குரலாக மாற்றினார். 1995இல் ஆண் குரலுக்கும் பெண்ணுக்கும் நடந்த கலியாணம், 2008இல் இரண்டு பெண் குரல்களுக்கு இடையில் நடக்கிறது. சில்வியோவின் குற்றச்சாட்டுக்கு அதில் கொஞ்சம் பதில் இருப்பதாக எங்களுக்குப் படுகிறது.

2017 ஹொலிவுட் படத்தில் ஸ்கார்லட் ஜொஹான்சன் நடித்தார். ஜப்பானியப் பாத்திரத்துக்கு வெள்ளைக்கார நடிகை ஏன் என்று பெரிய எதிர்ப்பு வந்தது. மேஜரின் உடம்பே செயற்கைதானே, அவள் ஆசிய முகத்தோடு இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம் என்று ஒஷியி கேட்டார். கேட்க நியாயம் மாதிரி இருக்கும். ஆனால் அந்த முகத்தைத் தெரிவுசெய்தது யார் என்பதுதானே கேள்வி? அந்தப் படத்தின் கதையே அதுதான், ஒரு ஜப்பானியப் பெண்ணைப் பிடித்து, நினைவை அழித்து, வேறு முகமும் வேறு பெயரும் கொடுக்கிறது ஒரு நிறுவனம். அவளுடைய மூளையைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் சம்மதம் தருகிறேன் என்று அவளைச் சொல்ல வைக்கிறார்கள். ஒரு நாள் சம்மதம் இல்லை என்கிறாள். உன்னுடைய சம்மதம் எங்களுக்கு ஒருபோதும் தேவைப்படவில்லை என்று பதில் வருகிறது. மற்றப்படி சுமாரான படம், இந்த ஓரிடத்தில் மட்டும் படகுக் காட்சியின் கேள்விக்குத் திரும்புகிறது. ஒன்றையும் வாசிக்காமல் 'சம்மதம்' பொத்தானை அமத்திப் பழகிய எங்களுக்கு அந்த இடம் நன்றாகவே விளங்கியது.

அப்ப, முடிவு?

வலுவான பெண்ணுக்கு உதாரணம் என்று மேஜரைத் தூக்கிப் பிடித்தால், ஆம், அது மிகையான மதிப்பு. அந்த இடத்துக்கு நௌசிகா இருக்கிறாள், மங்காவில் சிரித்துத் திரிந்த பழைய மோட்டோகோவும் இருக்கிறாள். 1995இன் மேஜர் விடுதலையான பெண்ணின் படம் இல்லை. அப்படிப் பார்த்தவர்கள் அவளுடைய கையில் இருந்த துப்பாக்கியைப் பார்த்தார்கள், அந்தக் கை யாருடையது என்று பார்க்கவில்லை.

ஆனால் அவளை அங்கிருந்து இறக்கி வேறொரு இடத்தில் வைத்தால், இன்னும் போதுமான அளவு மதிக்கப்படாதவள் என்றுதான் சொல்வோம். உடம்பே வேலைகொடுத்தவனின் சொத்தாகிவிட்ட தொழிலாளி ஒருத்தி. தன் திறமை, தன் முகம், தன் ஞாபகம் எதுவும் வேலையை விட்டால் கூட வராது என்று தெரிந்தும் தினமும் வேலைக்குப் போகிறவள். அப்படிப்பட்ட ஒருத்தியைச் சினிமா அவளுக்கு முன்னால் எங்களுக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

கடைசிக் காட்சியை அதற்குப் பிறகு இன்னொருக்கால் பார்த்தோம். பழைய உடம்பு சிதறிப்போய்விட்டது. பாத்தோ கறுப்புச் சந்தையில் ஒரு சிறுமியின் உடம்பை எடுத்து அவளுடைய மூளையை அதற்குள் வைத்திருக்கிறான். மங்காவில் ஆணுடம்பு, இங்கே பிள்ளையுடம்பு. இதிலும் அவளிடம் யாரும் கேட்கவில்லை, அதுவும் உண்மை. ஆனால் இது அரசாங்கம் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்த உடம்பு இல்லை. யாரிடமும் திருப்பிக் கொடுக்கவேண்டியதும் இல்லை. அந்தச் சிறுமிக்குக் குரல் கொடுத்தவர் மாயா சகமோதோ. அப்போது அவருக்கு 15 வயது. 2013இல் வந்த 'அரைஸ்' தொடரில் அவரே மேஜர் ஆனார். மற்ற மேஜரின் குரலான அட்சுகோ தனாகா 2024 ஆகஸ்டில் காலமானார்.

படம் இரண்டாம் தடவை முடிந்தபோது இருட்டிவிட்டது. சண்டையைத் தொடங்கியவள் எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "இப்பவும் சொல்லுறன், கமரா பாக்கிற பார்வை எனக்குப் பிடிக்கேல்லை. ஆனா அந்தப் படகுக் காட்சியை நான் முதல் ஒழுங்காப் பாக்கேல்லை."

நாங்களும்தான்.